பார்க்கின்சன் வந்தவருக்கு மறதி நோய் வருமா என்று ரத்தத்திலேயே பார்க்க முடியுமா? (ராயக்கோட்டை)

ராயக்கோட்டை_மகன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 69 வயது, பார்க்கின்சன் என்று கண்டுபிடித்து ஆறு வருடம் ஆகிறது. கை நடுக்கமும் நடையும் மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கின்றன, இப்போது கவலை வேறு. மண்டிக்குத் தக்காளிப் பெட்டி அனுப்பினால் கமிஷன், வண்டி வாடகை, பறிகூலி எல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். இந்த வருடம் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார். ஆட்களின் பெயர் மறக்கவில்லை, பழைய சங்கதிகள் மறக்கவில்லை, ஆனால் இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று விட்டுப்போகிறது, பேச்சுக்கு நடுவில் அப்படியே நின்றுவிடுகிறார்.

பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன், ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட், பி-டௌ 217 என்று நரம்புப் புரதங்களைப் பார்க்கும் பரிசோதனைகள் வந்துவிட்டன, எடுத்தால் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வருமா வராதா என்று தெரிந்துவிடும் என்கிறான். செலவு எங்களுக்குப் பெரிது, ஆனாலும் பிரயோஜனம் இருக்கும் என்றால் எடுக்கத் தயார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_லேப்காரர்:
தம்பி, நான் ஆய்வுக்கூட வேலையில் இருப்பவன், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நியூரோஃபிலமென்ட் லைட் என்பது நரம்பு இழைகளுக்கு உள்ளே இருக்கும் ஒரு புரதம். கயிறு நைந்தால் நார் உதிர்வது மாதிரி, நரம்பு சேதமானால் அது வெளியே வந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. அளவு பிக்கோகிராம் கணக்கு, அதாவது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சிமோவா மாதிரி நுணுக்கமான கருவிகள் வந்த பிறகுதான் இதை ரத்தத்தில் நம்பிக்கையாக அளக்க முடிந்தது, முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரில்தான் பார்த்தார்கள்.

பார்க்கின்சன் நோயாளிகளில் இது அதிகமாக இருப்பவர்களுக்குப் பின்னாளில் யோசனைத் திறன் வேகமாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் அது கூட்டமாக வைத்துச் சராசரி பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம். தனி ஆளாக எடுத்தால் நன்றாக இருப்பவரின் எண்ணும் தடுமாறுகிறவரின் எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று விழும். வயது ஏறினாலே இது ஏறும், கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்றால் ஏறும், சர்க்கரையால் கால் நரம்பு பழுதாகி எரிச்சல் மதமதப்பு இருந்தாலும் ஏறும், ஒல்லியான ஆளுக்குக் கூடுதலாகக் காட்டும். எந்த நரம்பு சேதமானது என்று அந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு?

காவேரிப்பட்டணம்_மருமகள்:
லேப் அண்ணா சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். என் மாமனாருக்கும் இதே நோய். டாக்டரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. நிலம் யார் பெயரில், பேங்க் கணக்கில் யார் கையெழுத்து, மாந்தோப்புக் குத்தகையை யார் பேசுவது, வீட்டுக்காரர் ஓசூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரவேண்டுமா, இதெல்லாம் முன்கூட்டித் தெரிந்தால்தானே முடிவெடுக்க முடியும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து ஆய்வில் இருபது வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை. அரைகுறையாகத் தெரிந்தாலும் தெரிந்துகொள்வதே மேல் என்பேன்.

ராயக்கோட்டை_மகன்:
சர்க்கரை இருக்கிறது அண்ணா, பத்துப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின். பாதம் எரிகிறது என்று ராத்திரியில் சொல்வார். கிரியேட்டினின் 1.4 என்று போன முறை ரிப்போர்ட்டில் இருந்தது. பார்க்கின்சனுக்கு சின்டோபா மூன்று வேளை, பேசிடேன் இரண்டு வேளை. தூக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை, அது எப்போதாவது.

அரூர்_மருந்தாளுநர்:
தம்பி, புதுப் பரிசோதனையை ஒரு பக்கம் வையுங்கள், முதலில் இந்த மருந்துச் சீட்டைப் பார்ப்போம். முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பேசிடேன் என்பது ட்ரைஹெக்ஸிஃபெனிடில். நடுக்கத்துக்கு நல்ல மருந்து, விலை குறைவு, அதனால் நம் பக்கம் நிறையப் பேர் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். ஆனால் மூளைக்குள் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுப்பதுதான் அது செய்கிற வேலை. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் அந்த அசிட்டைல்கோலின் வேண்டும், பார்க்கின்சனில் டிமென்ஷியா வருகிறவர்களுக்கு அது ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். வயதானவர்களுக்கு இந்த மருந்தைக் கூடியமட்டும் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். நீங்கள் சொல்லும் "பேச்சுக்கு நடுவில் நின்றுவிடுகிறார்" என்பதில் இதற்கு எவ்வளவு பங்கு என்று யாருக்குத் தெரியும்? மருந்தைக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் உடம்பு இறுகி வேறு சிக்கல் வரும். நரம்பு டாக்டரிடம் இதை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

அடுத்து பி12. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும். லெவோடோபா, அதாவது உங்கள் சின்டோபாவில் இருக்கும் முக்கிய மருந்து, உடம்பில் கரையும்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறும், பி12 செலவாகும். அப்பா இரண்டையும் சாப்பிடுகிறார். பி12 குறைந்தால் பாதம் எரியும், நடை தள்ளாடும், புத்தி மந்தமாகும், பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் பார்க்கின்சன் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். இதுவும் ரத்தப் பரிசோதனைதான், தருமபுரியிலேயே எடுக்கலாம், குறைவு என்றால் ஊசி இருக்கிறது. கூடவே தைராய்டு, சோடியம், கிட்னி, சர்க்கரை, ரத்த அளவு இவற்றையும் பாருங்கள். என் கணக்கில் ரத்தப் பரிசோதனை என்றால் முதலில் இவைதான், ஏனென்றால் இதில் ஒன்று குறையாக வந்தால் மறுநாளே ஏதாவது செய்ய முடியும்.

அந்தத் தூக்க மாத்திரையின் பெயரையும் பாருங்கள். சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், இவையும் வயதானவர்களைக் குழப்பும்.

காவேரிப்பட்டணம்_மருமகள்:
மாமனாருக்கும் பேசிடேன்தான்!! யாருமே சொல்லவில்லையே. சரி, இது நாளைக்கே கேட்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது, பி-டௌ 217ஐ அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார்களே?

ஓசூர்_லேப்காரர்:
ஒப்புக்கொண்டது நிஜம் அம்மா, எதற்கு என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ, ஃபூஜிரேபியோ கம்பெனியின் லூமிபல்ஸ் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. அது பி-டௌ 217, அமிலாய்டு 42 என்ற இரண்டு புரதங்களுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும். 55 வயதுக்கு மேல், மறதி அறிகுறிகள் ஏற்கெனவே இருந்து சிறப்பு மருத்துவரிடம் வந்தவர்களுக்கு, மூளையில் அல்சைமர் என்ற மறதி நோய்க்கு உரிய அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று அறிய. பார்க்கின்சன்காரருக்கு டிமென்ஷியா வருமா என்று ஜோசியம் பார்க்க அந்த அனுமதி கிடையாது.

பார்க்கின்சனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பார்க்கின்சனில் மூளை செல்லுக்குள் சேர்வது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற வேறு புரதம். ஆனால் பார்க்கின்சனோடு டிமென்ஷியா வந்து இறந்தவர்களின் மூளையைப் பார்த்ததில், பாதிப் பேர் வரை அல்சைமர் படிவும் கூடவே இருந்திருக்கிறது. அப்படி இரண்டும் சேர்ந்தால் சரிவு வேகமாக இருக்கிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பார்க்கின்சனிலும் பி-டௌவை அளக்கிறார்கள், ஜிஎஃப்ஏபி என்று மூளையின் துணைச் செல்களில் இருக்கும் இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் அப்பாவுக்கு "அமிலாய்டு இருக்கிறது" என்று வந்தால் அப்புறம் என்ன செய்வீர்கள்? அமிலாய்டைக் கரைக்கும் புது ஊசிகள் லெக்கானிமாப், டோனனிமாப் இரண்டையும் சோதித்தது ஆரம்பநிலை அல்சைமர்காரர்களிடம், பார்க்கின்சன்காரர்களிடம் இல்லை. கிரியேட்டினின் 1.4 இருக்கும் ஆளுக்கு பி-டௌவும் பொய்யாகக் கூடுதல் காட்டலாம்.

ஆல்ஃபா சைனூக்ளினையே ரத்தத்தில் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ரத்தத்தில் இருக்கும் ஆல்ஃபா சைனூக்ளினில் 99 சதவீதத்துக்கும் மேல் சிவப்பு அணுக்களுக்குள்தான் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்தி எடுத்து, கொஞ்சம் அணு உடைந்து சீரம், அதாவது அணுக்கள் நீங்கிய ரத்த நீர், சிவந்தாலே அளவு தப்பாகிவிடும். இன்னொரு முறை இருக்கிறது, திரிந்த புரதத்தை விதை மாதிரி போட்டு வளர்த்துப் பார்ப்பது. 2023ல் லான்செட் நியூராலஜியில் 1,123 பேரிடம் செய்த ஆய்வு வந்தது, பார்க்கின்சன்காரர்களில் 87.7 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஆனால் அது முதுகுத்தண்டு நீரில். அதே வருடம் ஜப்பான்காரர்கள் சீரத்திலும் செய்து காட்டினார்கள், அது இன்னும் ஆராய்ச்சிக்கூட அளவில்தான். எப்படியானாலும் அது "இந்த நோய் இருக்கிறதா" என்பதற்குப் பதில், "புத்தி எப்போது தடுமாறும்" என்பதற்கு இல்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், நியூரோஃபிலமென்ட் ஒரு இடத்தில் நிஜமாகவே உதவும். பார்க்கின்சன் மாதிரியே தெரிந்து வேகமாக மோசமாகும் எம்எஸ்ஏ, பிஎஸ்பி என்ற நோய்கள் இருக்கின்றன, சீக்கிரமே அடிக்கடி கீழே விழுவார்கள், மாத்திரை பெரிதாகக் கேட்காது. அவற்றில் இது தெளிவாக அதிகமாக இருக்கும், 2017லேயே ரத்தத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு ஆறு வருடமாக மாத்திரை கேட்கிறது, அந்தச் சந்தேகம் வர இடமில்லை.

பென்னாகரம்_வாத்தியார்:
மருமகள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அந்த 83 சதவீதம் இருபது வருடம் நோயோடு வாழ்ந்தவர்களின் கணக்கு. 2024ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பிபிஎம்ஐ என்ற பன்னாட்டு ஆய்வில் இருப்பவர்களுக்கு நோய் வந்து பத்து வருடத்தில் டிமென்ஷியா என்று டாக்டர் முடிவு செய்ய வாய்ப்பு 9 சதவீதம், அவர்களுடைய சொந்த மருத்துவமனை நோயாளிகளில் 27 சதவீதம். ஆய்வுக்கு வருகிறவர்கள் படித்தவர்களாகவும் வேறு நோய் குறைந்தவர்களாகவும் இருப்பது வழக்கம் என்பதால் முதல் எண்ணை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஆறு ஏழு வருடத்தில் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பது இல்லை, நீங்கள் தூங்கலாம் அம்மா.

என் மனைவிக்கு ஒன்பது வருடமாக இருக்கிறது. ராயக்கோட்டைத் தம்பியிடம் நான் கேட்பது, அப்பாவுக்கு ஞாபகப் பரிசோதனை, அந்த 30 மதிப்பெண் மோக்கா, எடுத்தார்களா? எந்த மொழியில்?

ராயக்கோட்டை_மகன்:
எடுத்தார்கள் சார். 17 வந்தது, 26க்குக் கீழே என்றாலே குறைவு என்றார்கள், அதற்குப் பிறகுதான் இந்தப் பயமே. அப்பா ஐந்தாவது வரை படித்தவர். வீட்டில் தெலுங்குதான் பேசுவோம், பரிசோதனை தமிழில் நடந்தது. காலையில் பஸ் பிடித்துப் போய் வரிசையில் உட்கார்ந்து மத்தியானம்தான் கூப்பிட்டார்கள்.

பென்னாகரம்_வாத்தியார்:
அந்த 17ஐ வைத்துப் பயப்பட வேண்டாம் தம்பி. அந்தப் பரிசோதனையில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும், கனசதுரம் பார்த்து வரைய வேண்டும், கடிகாரம் போட வேண்டும், ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்க வேண்டும். வாழ்நாளில் பென்சில் அதிகம் பிடிக்காத ஒரு விவசாயிக்கு, அதுவும் கை நடுங்கும் ஆளுக்கு, வீட்டில் பேசாத மொழியில் வைத்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். படிப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள், அது எந்த மூலைக்கு. நான் வாத்தியாராக இருந்தவன், பரிசோதனை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை எப்போதும் பார்ப்பேன். தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி என்று உங்கள் பக்கம் முழுக்கத் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள், எத்தனை பெரியவர்களுக்கு இப்படித் தப்பாகக் குறைவு என்று எழுதியிருப்பார்களோ.

மோக்காவிலேயே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் குறைவாகப் படித்தவர்களுக்கும் என்று பேசிக் என்ற தனி வடிவம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தெலுங்கு, கன்னடம் உட்படச் சில மொழிகளில் தனியாகப் பரிசோதனைத் தொகுப்பே தயாரித்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், தெலுங்கு பேசும் ஆள் கேட்டுப் பார்க்கலாம். மாத்திரை போட்டு உடம்பு நன்றாக இருக்கும் நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே மொழியில், அதே நேரத்தில் மறுபடி எடுத்து, அவரையே அவரோடு ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் எந்த ரத்தப் பரிசோதனையையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லும். இரண்டு மொழியும் கலந்து பேசும் வீடு என்றால் வீட்டில் எந்த மொழியில் கணக்குப் போடுவார், எந்த மொழியில் கோபப்படுவார் என்று பார்த்து அதிலேயே வையுங்கள்.

என் மனைவிக்கு வந்த முன்னறிகுறிகளையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவட்டும். வாசனை தெரியாமல் போனது முதலில், சாம்பார் தீய்வதே தெரியாது. ராத்திரி கனவில் கையைக் காலை வீசிக் கத்துவார். எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அப்புறம் சாயங்காலம் திண்ணையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லத் தொடங்கினார், பயம் எதுவும் இல்லாமல் சாதாரணமாகவே சொல்வார். இதெல்லாம் இருப்பவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். டாக்டரிடம் நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும், பத்து நிமிடச் சந்திப்பில் அவராகக் கண்டுபிடிக்க மாட்டார்.

காவேரிப்பட்டணம்_மருமகள்:
சார், அம்மாவுக்கு இப்போது என்ன மருந்து? பூனைக்காலிப் பொடி கொடுத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார், அதையும் சொல்லுங்கள்.

பென்னாகரம்_வாத்தியார்:
ரிவாஸ்டிக்மின். பார்க்கின்சன் டிமென்ஷியாவுக்கென்றே பெரிய அளவில் சோதித்த மருந்து, 2004ல் 541 பேரை வைத்துச் செய்த ஆய்வு. பலன் பெரிதாக இல்லை, கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வந்தன, பத்தில் ஒருவருக்கு நடுக்கம் கூடியது. மனைவிக்கு முதல் மாதம் சோறே இறங்கவில்லை, அளவைக் குறைத்துத் திரும்ப மெதுவாக ஏற்றினார்கள். இப்போது பகலில் தெளிவாக இருக்கிறார், திண்ணைப் பெண் எப்போதாவதுதான் வருகிறாள். இந்த மருந்தைத் தொடங்க எந்த ரத்தக் குறியீடும் யாரும் கேட்கவில்லை, நாங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்தே கொடுத்தார்கள்.

அரூர்_மருந்தாளுநர்:
பூனைக்காலி விதையில் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது அம்மா. அதனால்தான் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது என்கிறேன். ஏற்கெனவே சாப்பிடும் சின்டோபாவோடு சேர்ந்து அளவு கூடினால், வாத்தியார் வீட்டில் நடந்த மாதிரி இல்லாத ஆள் தெரிவதும் குழப்பமும் வரும், நீங்கள் டிமென்ஷியா வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அப்படி ஏதாவது தெரிகிறது என்று அவசரமாக எங்காவது கொண்டுபோனால் ஆளை அமைதிப்படுத்தும் ஹாலோபெரிடால் ஊசி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பார்க்கின்சனை மோசமாக்கும், பார்க்கின்சன் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும் ஆகாது. இதை ஒரு அட்டையில் தமிழில் எழுதி அவர் சட்டைப் பையிலேயே வையுங்கள்.

திடீரென்று ஒன்றிரண்டு நாளில் புத்தி தடுமாறினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, தண்ணீர் குடிக்காததாலோ, மலச்சிக்கலாலோ இருக்கலாம். சித்திரை வைகாசி வெயிலில் நம் பக்கம் இது நிறைய. அதையும் மறக்க வேண்டாம்.

ராயக்கோட்டை_மகன்:
எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். பி12 பார்த்தோம், 148, குறைவு என்று போட்டிருந்தது, ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். தைராய்டு, சோடியம் சரி. டாக்டர் பேசிடேனை மெல்லக் குறைக்கிறார், இப்போது ராத்திரி வேளை இல்லை. நடுக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது, தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். பேச்சில் நின்றுபோவது குறைந்த மாதிரி அம்மாவுக்குத் தெரிகிறது, எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. கணக்கு இன்னும் என்னிடம்தான் வருகிறது.

நியூரோஃபிலமென்ட், பி-டௌ பற்றி டாக்டரிடம் கேட்டேன். இப்போது வேண்டாம், எண் என்னவாக வந்தாலும் நான் எழுதும் மருந்து மாறாது என்றார். ஆராய்ச்சிக்காக யாராவது ரத்தம் கேட்டால், இலவசம் என்றால், கொடுங்கள் என்றார். அப்பாவிடம் கேட்டேன், "எனக்கு இல்லாவிட்டாலும் அடுத்தவனுக்கு ஆகுமா, எடுத்துக்கட்டும்" என்றார்.

காவேரிப்பட்டணம்_மருமகள்:
நல்ல செய்தி தம்பி. நான் முதலில் சொன்னதை இன்னும் விடவில்லை, பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு நாள் நம்பும்படியான பரிசோதனை வரவேண்டும், அதை எங்களைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது வரும்வரை நிலத்து விஷயத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். மாமனார் தெளிவாக இருக்கும்போதே, அவர் வாயாலேயே யாருக்கு எது என்று சொல்லச் சொல்லி, உயில் எழுதிப் பதிவு செய்தோம். தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கிச் சேர்த்து வைத்தோம். பேங்க் கணக்கை அத்தை பெயரோடு கூட்டுக் கணக்காக மாற்றியாயிற்று. அவரும் மூன்று நாள் யோசித்து, தோப்பை இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார், அதையும் எழுதியாயிற்று.

ராயக்கோட்டை_மகன்:
அக்கா, அந்த டாக்டர் சான்று எந்த மாதிரி வாங்கினீர்கள், நரம்பு டாக்டரே தரவேண்டுமா?

காவேரிப்பட்டணம்_மருமகள்:
நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் நரம்பு டாக்டரிடமே வாங்கினோம். கேள்வி கேட்டுப் பதிலையும் அன்றைக்கே சீட்டில் எழுதினார், என்ன சொத்து இருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறீர்கள், ஏன் என்று. அப்பாவிடம் தெலுங்கில் கேட்கச் சொல்லுங்கள்.